கல்லூரிக் கட்டுரை எழுதுவது எப்படி: கேள்வியைப் பிரிப்பதிலிருந்து தாளைக் கொடுப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

'இரண்டாயிரம் சொல்லில் ஒரு கட்டுரை எழுதிக் கொண்டு வாருங்கள்' என்று ஆசிரியர் சொன்னதும், நம்மில் பலருக்குக் கை தானாகப் போவது பள்ளியில் பழகிய சட்டகத்துக்குத்தான். முன்னுரை, நாலைந்து உட்தலைப்பு, இடையில் ஒரு குறள், கடைசியில் முடிவுரை. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அது போதும். அங்கே பார்ப்பது மொழிப் பயிற்சியை. கல்லூரிக் கட்டுரையில் பார்ப்பது வேறு. ஒரு கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள்? அந்தப் பதிலை எதை வைத்து நம்பச் சொல்கிறீர்கள்? மதிப்பெண் முழுக்க இந்த இரண்டிலும்தான் இருக்கிறது. நன்றாகப் படிக்கிற, நிறைய தெரிந்த மாணவர்கள்கூட இங்கே கோட்டைவிடுவதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். அவர்களுக்குத் தகவல் குறைவில்லை. தகவலை வைத்து என்ன செய்வது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. அதனால் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் கடைசி வரை போவோம். வரலாறு, சமூகவியல், பொருளியல், கல்வியியல் என்று எந்தத் துறையிலும் வரக்கூடிய கேள்விதான்:

'தமிழ்நாட்டில் பள்ளிச் சேர்க்கை உயர்ந்ததற்குப் பள்ளி உணவுத் திட்டங்களே காரணம். ஆராய்க.'

கையில் இரண்டு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எழுதுவதற்கு நாலு நாள் போதும். மீதி நாளெல்லாம் எழுதுவதற்கு முந்தைய வேலைக்கும், எழுதியதைத் திருத்துவதற்கும்.

கேள்வியைப் பிரித்துப் போடுங்கள்

கேள்வியை ஒரு தாளில் கையால் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே, அது என்ன கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அரைமணி நேர வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் நூலகத்துக்குப் போகிறவர்கள் ஒரு வாரத்தை வீணாக்குகிறார்கள்.

'தமிழ்நாட்டில்'. எந்த ஆண்டின் தமிழ்நாடு? 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இருந்தது மெட்ராஸ் மாநிலம். ஆந்திரப் பகுதி, மலபார், தென்கன்னடம் எல்லாம் அதற்குள் இருந்தன. 1953 அக்டோபரில் ஆந்திரா பிரிந்தது. 1956 நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்துக்குப் போனது, கன்னியாகுமரி இங்கே வந்தது. 1951-ன் எண்ணையும் 1961-ன் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'உயர்ந்தது' என்று எழுதினால், இரண்டு வெவ்வேறு நிலப்பரப்பை ஒப்பிட்டதாக ஆகிவிடும். பிற்காலத்து எல்லைக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட்ட எண்ணைத் தேடி எடுக்க வேண்டும், இல்லையென்றால் இந்தச் சிக்கலை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

'பள்ளிச் சேர்க்கை'. பதிவேட்டில் பெயர் ஏறுவது சேர்க்கை. அந்தப் பிள்ளை தினமும் வருவது வருகை. நடுவில் நின்றுபோவது இடைநிற்றல். எழுதப் படிக்கத் தெரிவது எழுத்தறிவு. நான்கும் வேறு வேறு. 1991-ல் 62.66 விழுக்காடு, 2001-ல் 73.45, 2011-ல் 80.09 என்ற தமிழ்நாட்டு எண்கள் எல்லோர் கட்டுரையிலும் வரும். அவை எழுத்தறிவு வீதங்கள், சேர்க்கை வீதங்கள் அல்ல. இன்னொன்று: ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் வைத்து எழுத்தறிவு வீதத்தைக் கணக்கிடும் முறை 1991 கணக்கெடுப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய எண்ணைச் சேர்த்துக் கோடு வரைகிறவர் எந்த வயதுக்கான எண் என்று பார்த்தாக வேண்டும்.

'உணவுத் திட்டங்களே'. பன்மை. அப்படியானால் எவை? 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய சிற்றுண்டி, 1956-ல் காமராசர் ஆட்சியின் மதிய உணவு, 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் வந்த காலை உணவு. நான்கையும் எழுதப்போகிறீர்களா? அப்புறம் அந்தக் கடைசி ஏகாரத்தைப் பாருங்கள். 'காரணம்' என்று சொல்வதும் 'திட்டங்களே காரணம்' என்று சொல்வதும் ஒன்றா? பிற காரணங்களை விலக்கிவிட்டுப் பேசுகிறது கேள்வி. உங்கள் கட்டுரை சண்டைபோட வேண்டிய இடம் அதுதான்.

'ஆராய்க'. விவரி என்றால் என்ன நடந்தது என்று சொன்னால் போதும். விளக்கு என்றால் ஏன், எப்படி என்பதும் வேண்டும். ஒப்பிடு என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலில் நிறுத்த வேண்டும். முதலில் ஒன்றைப் பற்றி ஆறு பக்கம், பிறகு மற்றதைப் பற்றி ஆறு பக்கம் எழுதுவது ஒப்பீடு ஆகாது. ஆராய்க, மதிப்பிடுக என்று வந்தால் ஒரு கருத்தைச் சோதித்துப் பார்த்து, எந்த அளவுக்குச் சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எல்லையை நீங்களே போடுங்கள்

1920 முதல் 2022 வரை நூறு ஆண்டை இரண்டாயிரம் சொல்லில் அடக்கப் பார்த்தால் ஆண்டுப் பட்டியல்தான் மிஞ்சும். அதனால் ஒரு துண்டை வெட்டி எடுங்கள். 1956-ம் 1982-ம் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது தொடக்கப் பள்ளி மட்டும், பெண் குழந்தைகள் மட்டும், ஒரு மாவட்டம் மட்டும். எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று முதல் பத்தியில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் போதும், எந்த ஆசிரியரும் குறை சொல்லமாட்டார். சந்தேகமாக இருந்தால் முதல் வாரத்திலேயே போய்க் கேளுங்கள். 'சார், இந்த இரண்டு காலகட்டத்தோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?' என்று குறிப்பாகக் கேட்டால் அவரும் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார். 'என்ன எழுதுறதுன்னு தெரியல சார்' என்று போய் நின்றால் அவராலும் பெரிதாக உதவ முடியாது.

தற்காலிகப் பதில் ஒன்று வேண்டும்

ஒருநாள் மேலோட்டமாகப் படித்த பிறகு, உங்கள் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். இது முடிவான பதில் இல்லை, நாளைக்கே மாறலாம். ஆனாலும் இப்போதே எழுத வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் படித்தால் எல்லாமே முக்கியமாகத் தெரியும், எல்லாவற்றையும் குறித்து வைப்போம், கடைசியில் எதையும் பயன்படுத்த முடியாது.

நம் கேள்விக்கு இப்படி ஒரு பதில் வைத்துக்கொள்ளலாம்: 'பள்ளி உணவு ஏழைக் குழந்தைகளைப் பள்ளிக்கு இழுத்தது உண்மை. ஆனால் நடந்து போகும் தூரத்தில் பள்ளி இல்லாத ஊரில் அந்த உணவால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆகவே உணவைப் பள்ளித் திறப்பிலிருந்து பிரித்துத் தனிக் காரணமாகச் சொல்வது பொருந்தாது.'

இந்தப் பதிலை ஒருவர் மறுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியும். உணவு வந்த பிறகுதான் பள்ளிக்குத் தேவையே பிறந்தது என்று வாதிடலாம். மறுக்க முடிகிறது என்றால் அது வாதம். 'மதிய உணவுத் திட்டம் தமிழக வரலாற்றில் முக்கியமான திட்டம்' என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை, அதனால் அதை வைத்துக் கட்டுரை எழுதவும் முடியாது.

பதிலை எழுதியதும் அதற்குக் கீழே இன்னொன்றை எழுதுங்கள்: எது தெரிந்தால் இந்தப் பதிலை நான் கைவிடுவேன்? புதிய பள்ளிகள் திறக்காத இடத்தில் உணவு மட்டும் வந்து, சேர்க்கை ஏறியிருந்தால் கைவிட வேண்டியதுதான். அப்படி ஓர் இடம் உண்டா? ஆயிரம் விளக்கை இங்கே நினைவுக்குக் கொண்டு வாருங்கள். பள்ளி ஏற்கெனவே இருந்தது, உணவு மட்டும் புதிதாக வந்தது, ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகாத செலவில். பிறகு தொடக்கக் கல்வி நிதியை அதற்குச் செலவிட அரசு அனுமதி மறுத்ததால் 1925-ல் நின்றும்போனது. உணவு வந்தபோதும் நின்றபோதும் அந்தப் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை என்ன ஆனது என்று தேடினால், உங்கள் வாதத்துக்கு எதிரான மிக நல்ல சான்று அங்கே கிடைக்கலாம். எதிர்ச் சான்றைத் தேடிப் போகிற மாணவரின் கட்டுரைக்கு உள்ள கம்பீரம் வேறு எதற்கும் வராது. ஒதுக்கிவிட நினைத்த 1920-ஐ இந்த ஒரு காரணத்துக்காக உள்ளே கொண்டு வரலாம்.

எங்கே படிப்பது, எப்படிக் குறிப்பது

முதலில் பொதுவான ஒரு நூலோ பாடப்புத்தகமோ. காலவரிசை மனதில் பதியும் வரை மட்டும். அதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். அடுத்து ஆய்வுக் கட்டுரைகள். ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளி உணவைப் பற்றிய ஆய்வேடு ஒன்றைத் திறந்து, நேராக நூற்பட்டியலுக்குப் போங்கள். வேறு ஒருவர் பல ஆண்டு தேடிச் சேர்த்த பட்டியல் அது. அதிலிருந்து உங்களுக்கு வேண்டிய ஏழெட்டைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, மூல ஆவணங்கள். சமூக நலத் துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு இணையத்திலேயே கிடைக்கும். சத்துணவு மையங்கள் எத்தனை, பயனாளிகள் எத்தனை, ஒதுக்கீடு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். பழைய அரசாணைகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பழைய இதழ்களுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். சென்னைக்கு வர முடியாதவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பார்க்கலாம், பழைய நூல்களும் இதழ்களும் அங்கே ஏராளம். தேடும்போது 'சத்துணவு' என்று மட்டும் போட்டால் பெரும்பாலும் 1982-க்குப் பிந்தையவைதான் வரும். 'மதிய உணவு', 'பகலுணவு', 'இலவச உணவு' என்றும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

குறிப்பெடுப்பதில் ஒரு பழக்கத்தை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். ஒரு தாளை மூன்றாக மடியுங்கள். இடது பக்கம் நூல், பக்க எண். நடுவில் ஆசிரியர் சொன்னது. வலது பக்கம் அதைப் பற்றி உங்கள் எண்ணம். நடுப்பத்தியில் ஆசிரியரின் வாக்கியத்தை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி போட்டுவிடுங்கள், உங்கள் நடையில் சுருக்கினால் போடாதீர்கள். பத்து நாள் கழித்துத் தாளைப் பார்க்கும்போது எது அவர் வரி, எது நம் வரி என்று தெரியாமல் போவதுதான் பலர் தெரியாமலே கருத்துத் திருட்டில் மாட்டுவதற்குக் காரணம். வலது பக்கம் காலியாகவே இருந்தால், நீங்கள் படிக்கவில்லை, நகலெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஓர் எடுத்துக்காட்டு. 1995 ஆகஸ்ட் 15 அன்று ஒன்றிய அரசு நாடு முழுவதற்கும் பள்ளி உணவுத் திட்டம் கொண்டுவந்தது. ஆனால் பல மாநிலங்கள் சமைத்த உணவு தரவில்லை, மாதம் மூன்று கிலோ தானியத்தைக் கையில் கொடுத்தன. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், சமைத்த உணவே தர வேண்டும் என்று ஆணையிட்டது. இது நடுப்பத்தி. வலது பக்கத்தில் என்ன எழுதலாம்? 'தானியம் வீட்டுக்குப் போகும், சோறு பிள்ளை வயிற்றுக்குப் போகும். தமிழ்நாடு தொடக்கம் முதலே சமைத்துப் போட்டது. அப்படியானால் உணவு என்பதைவிட, பள்ளியில் உட்கார்ந்து சாப்பிடும் உணவு என்பதுதான் காரணமோ? தானியம் தந்த மாநிலங்களில் 2001-க்குப் பின் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும்.' இந்த நாலு வரி, பின்னால் உங்கள் கட்டுரையின் மிக நல்ல பத்தியாக மாறும்.

திட்டத்தை வாக்கியங்களாக எழுதுங்கள்

கட்டுரைத் திட்டம் என்றதும் 'முன்னுரை, திட்டத்தின் வரலாறு, பயன்கள், குறைகள், முடிவுரை' என்று எழுதி வைத்துக்கொள்கிறோம். இந்தப் பட்டியல் எந்தத் தலைப்புக்கும் பொருந்தும், அதனாலேயே எதற்கும் உதவாது. ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்லப்போகிறது என்பதை முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள்:

1956-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உணவு தனியாக வரவில்லை, புதிய பள்ளிகள், இலவசக் கல்வி, சீருடை ஆகியவற்றோடு சேர்ந்து வந்தது.

ஆகவே அந்தக் காலச் சேர்க்கை உயர்வில் உணவின் பங்கை மட்டும் தனியே பிரித்து அளக்க முடியாது.

பிரித்துப் பார்க்க வாய்ப்புள்ள ஓர் இடம் 1920-களின் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள். அங்கே உணவு மட்டுமே மாறியது.

1982-ல் நிலைமை வேறு. பெரும்பாலான ஊர்களுக்குப் பள்ளி வந்துவிட்டிருந்தது, அதனால் உணவு சேர்க்கையைவிட வருகையையும் நீடிப்பையும் பாதித்திருக்க வேண்டும்.

உணவே தேவையை உண்டாக்கியது என்ற எதிர்வாதம் வலுவானது, ஆனால் அது பள்ளி ஏற்கெனவே இருந்த நகரத்துக்கே பொருந்தும்.

இந்த வாக்கியங்களை மட்டும் அடுத்தடுத்து வாசித்தால் கட்டுரையின் வாதம் புரிய வேண்டும். எங்காவது தாவினால், 'ஆகவே', 'ஆனால்', 'அதனால்' போட முடியாமல் 'மேலும்' மட்டுமே போட முடிந்தால், அங்கே இணைப்பு அறுந்திருக்கிறது. நான்காவது வாக்கியத்தில் 'பெரும்பாலான ஊர்களுக்குப் பள்ளி வந்துவிட்டிருந்தது' என்று துணிந்து எழுதியிருக்கிறோம் இல்லையா? அதற்கு ஆதாரம் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் எழுதத் தொடங்கும் முன் தேட வேண்டியது இது. திட்டம் போடுவதன் பெரிய பயனே, எங்கே ஓட்டை இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிவதுதான்.

எழுதும்போது

முன்னுரையில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் உட்காராதீர்கள். நன்றாகத் தெரிந்த நடுப்பத்தியிலிருந்து தொடங்குங்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதலாம். என்ன சொன்னோம் என்பது அப்போதுதானே தெரியும்?

பத்தி எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு பத்தியை வைத்தே பார்ப்போம். இது நம் கட்டுரைகளில் வழக்கமாக வருவது:

'கல்விக்கண் திறந்த காமராசர் 1956-ஆம் ஆண்டு மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தார். இதனால் ஏழைக் குழந்தைகள் பயன்பெற்றனர். பின்னர் எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இத்திட்டம் மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. 1989-இல் முட்டையும் சேர்க்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.'

தவறான தகவல் ஒன்றுகூட இல்லை. ஆனால் எதையும் நிறுவவில்லை. ஆண்டு வரிசையில் அடுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். 'பயன்பெற்றனர்' என்றால் எப்படி? 'பெரும் வரவேற்பு' என்று யார் சொன்னது? இதே தகவலை வாதத்துக்கு வேலை செய்ய வைத்தால்:

'1956-இன் திட்டமும் 1982-இன் திட்டமும் ஒரே திட்டத்தின் இரண்டு கட்டங்கள் அல்ல. முன்னது பள்ளிக்கு வந்துகொண்டிருந்த ஏழைக் குழந்தைக்கானது, ஊர்மக்களின் பங்களிப்பையும் நம்பி நடந்தது. பின்னது பள்ளி வயதை எட்டாத இரண்டு வயதுக் குழந்தையையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே 1982-க்குப் பிந்தைய விளைவைப் பள்ளிச் சேர்க்கையால் மட்டும் அளந்தால், பயனாளிகளில் ஒரு பகுதியினர் நம் கணக்கிலேயே வரமாட்டார்கள். பால்வாடியில் சாப்பிட்ட குழந்தை பின்னாளில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததா என்பதையும் கேட்க வேண்டும்.'

முதல் வாக்கியம் ஒரு கருத்தை வைக்கிறது. அடுத்த இரண்டும் அதற்கான சான்று. 'ஆகவே' என்று தொடங்கும் வாக்கியம் அந்தச் சான்றால் என்ன தெரிகிறது என்று சொல்கிறது. கடைசி வாக்கியம் அடுத்த பத்திக்கு வழிவிடுகிறது. முட்டை காணாமல் போயிற்று, ஏனென்றால் இந்த வாதத்துக்கு அது தேவையில்லை. படித்துச் சேர்த்த தகவலை விட்டுவிட மனம் வராது, தெரியும். ஆனாலும் விட்டுவிடுங்கள்.

எதிர்வாதத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள், அதை அதன் முழு வலிமையோடு எழுதுங்கள். சோப்பளாங்கி வடிவத்தில் வைத்து ஒரே வரியில் தள்ளிவிட்டால் படிக்கிற ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். அந்த எதிர்வாதத்தை நம்பும் ஓர் ஆய்வாளர் உங்கள் பத்தியைப் படித்தால் 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

முன்னுரையில் மூன்று வேலை: கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டீர்கள், எந்த எல்லைக்குள் எழுதுகிறீர்கள், உங்கள் பதில் என்ன. பதிலை முன்னாலேயே சொல்லிவிட்டால் சுவை போய்விடும் என்று பயப்பட வேண்டாம், இது துப்பறியும் கதை இல்லை. 'கல்வி கரையில கற்பவர் நாள்சில' என்று தொடங்குவதை விட்டுவிடலாம். நாலடியார் மீது மரியாதைக் குறைவால் சொல்லவில்லை. அந்த அடி நம் கேள்விக்குப் பதில் சொல்ல எந்த வகையிலும் உதவவில்லை. முடிவுரையில் சொன்னதையே திருப்பிச் சொல்லாமல், ஏகாரத்துக்கு என்ன ஆனது என்று தீர்ப்பைச் சொல்லுங்கள். எதை உங்களால் நிறுவ முடியவில்லை என்றும் சொல்லுங்கள்.

தமிழ் வாக்கியத்தில் கவனிக்க வேண்டியவை

தமிழில் ஆய்வு எழுதுகிறவர்களுக்கு வரும் சில சிக்கல்களை ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டிகளில் பார்க்க முடியாது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'கூறப்படுகிறது', 'கருதப்படுகிறது', 'நம்பப்படுகிறது'. இவை ஆளை மறைக்கும் வினைகள். யார் கூறினார்? யார் கருதினார்? பெயரைப் போட்டு 'கூறுகிறார்' என்று எழுதுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் அந்த வரியை எழுதுவதற்கு இன்னும் உங்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதேபோல 'என்பது குறிப்பிடத்தக்கது', 'என்றால் அது மிகையாகாது', 'இன்றியமையாத ஒன்றாகும்' ஆகிய மூன்றையும் தேடி எடுத்து நீக்கிப் பாருங்கள். வாக்கியம் எதையும் இழக்காது.

நம் மொழியில் வினை கடைசியில் வருவதால், ஒருவர் கருத்தை நாலு வரிக்குச் சொல்லிக்கொண்டே போய் 'என்று இன்னார் வாதிடுகிறார்' என்று முடித்தால், அதுவரை அது உங்கள் கருத்து என்றே வாசகர் நினைப்பார். பெயரை முன்னால் கொண்டு வாருங்கள். 'இதுபற்றி இன்னார் முன்வைக்கும் வாதம் இது' என்று தொடங்கிவிட்டு, கருத்தைச் சிறு சிறு வாக்கியங்களாகப் பிரித்துக் கொடுங்கள்.

ஆங்கில நூலிலிருந்து மேற்கோள் எடுக்கும்போது மொழிபெயர்ப்பு உங்களுடையது என்றால் அதை அடிக்குறிப்பில் சொல்ல வேண்டும். கலைச்சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சொல் புழங்கினால் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசி வரை அதையே எழுதுங்கள். ஓரிடத்தில் 'இடைநிற்றல்', இன்னோரிடத்தில் 'பள்ளி விலகல்' என்று மாற்றினால் இரண்டும் வெவ்வேறு கருத்து என்று படிக்கிறவர் குழம்புவார். பள்ளியில் 'ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே' என்று சொல்லித் தந்தது இங்கே செல்லாது.

இனி தலைவர்களின் அடைமொழிகள். பெருந்தலைவர், புரட்சித் தலைவர், கலைஞர் என்று வருவதெல்லாம் மேடைக்கு உரியவை. ஆய்வில் எல்லோருக்கும் பெயர் மட்டும், ஒரே மாதிரி. ஒருவருக்கு அடைமொழி போட்டு இன்னொருவருக்குப் போடாமல் விட்டால், உங்கள் வாதம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் சார்பு இருப்பதாகத்தான் தெரியும்.

மேற்கோளும் நூற்பட்டியலும்

ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ என்று பல முறைகள் உண்டு. துறையில் எதைக் கேட்கிறார்களோ அதைப் பின்பற்றுங்கள். தமிழ்ப் பெயர்களில் மட்டும் ஒரு தடுமாற்றம் வரும். இந்த முறைகள் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கின்றன, நமக்கோ பெரும்பாலும் குடும்பப் பெயரே கிடையாது, தலைப்பெழுத்துத்தான். எனவே இயற்பெயரை முன்னால் போட்டு, காற்புள்ளி இட்டு, தலைப்பெழுத்தைப் பின்னால் போடுவதே வழக்கம். மென்பொருள் தானாகப் போட்டுத் தரும் பட்டியலில் இந்த இடத்தைக் கட்டாயம் கண்ணால் சரிபாருங்கள். அரசாணை என்றால் எண், துறை, நாள் மூன்றும் வேண்டும்.

கருத்துத் திருட்டு பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல் விதிமுறைகள் வெளியிட்டது. ஆய்வேடுகளில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் 40, 60 என்று படிப்படியாக நடவடிக்கை கூடும். ஆனால் விழுக்காட்டைக் குறைப்பதற்காகச் சொற்களை மாற்றி மாற்றிப் போடுவது நேர்மையான வழி இல்லை. தமிழில் பெயர்த்து எழுதிவிட்டால் மென்பொருள் கண்டுபிடிக்காது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கண்டுபிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது இன்னொருவரின் உழைப்பு, அவர் பெயரைச் சொல்லிவிட வேண்டியதுதான். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பதைக் கல்லூரியின் விதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பயன்படுத்தினாலும், அவை தரும் நூற்பெயரையும் பக்க எண்ணையும் நூலைத் திறந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள். இல்லாத நூலை இருப்பதுபோல எழுதித் தருவது அவற்றில் அடிக்கடி நடக்கிறது.

திருத்தம்

எழுதி முடித்ததும் ஒருநாள் தொடாமல் வையுங்கள். பிறகு முதலில் வாதத்தைத் திருத்துங்கள், சந்திப்பிழை எல்லாம் அப்புறம். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது என்ன சொல்கிறது என்று ஐந்தாறு சொல்லில் எழுதுங்கள். எழுத முடியாத பத்தியில் இரண்டு கருத்து கலந்திருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. ஓரக் குறிப்புகளைத் திட்டத்தோடு ஒப்பிடுங்கள். எழுதும்போது வாதம் வேறு பக்கம் போயிருந்தால் பதறாதீர்கள், பல நேரம் புதிய வழிதான் மேலானது. முன்னுரையை அதற்கேற்ப மாற்றினால் சரி.

அடுத்து எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஆண்டு, இடம், எதன் எண் என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். வல்லினம் மிகும் இடங்களையும் ஒற்றுகளையும் தமிழ் நன்றாகத் தெரிந்த நண்பரிடம் ஒருமுறை காட்டுங்கள். நம் பிழை நம் கண்ணில் படாது.

தட்டச்சு தொடக்கம் முதலே யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருக்களில் அடித்தால் ஆசிரியரின் கணினியில் வேறு ஏதோ குறியீடுகளாகத் திறக்கும், ஒற்றுமை பார்க்கும் மென்பொருளும் படிக்காது. பிடிஎஃப் ஆக்கிய பிறகு கைப்பேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

தாள் திருத்தித் திரும்பி வந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுவிடாதீர்கள். ஓரத்தில் 'ஆதாரம் எங்கே?' என்று ஆசிரியர் எழுதியிருந்தால், அந்த வரிக்கு எந்த ஆவணத்தைக் காட்டியிருக்கலாம் என்று அந்த வாரத்திலேயே தேடி, அதே தாளில் குறித்து வையுங்கள். அடுத்த பருவத்தில் ஆய்வேட்டுக்கு இதே பொருளை எடுத்தால் உங்கள் வேலை அங்கிருந்தே தொடங்கும்.